பிரேக் ஆயில் ஒழுக, சுருளிப்பட்டி வரை

மார்கழி கடைசி வாரம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். நான், எங்கள் வீட்டுக்காரர், எங்களுடைய பழைய வெள்ளை டீசல் கார். போகும்போது காரில், வரும்போது பஸ்ஸில் என்று ஏற்பாடு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் சுருளிப்பட்டியில் இருக்கும் சௌந்தரத்திடம் காரைக் கொடுத்துவிட்டு வருவதற்காகத்தான் இந்தப் பயணம்.

சௌந்தரம் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரருடைய சொந்த அத்தை மகள். முறைப்பெண். இவருக்கு அவள்தான் என்று சின்னதிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஒரு கிணற்றுப் பங்கில் இரண்டு குடும்பத்துக்கும் தகராறு வந்து, பேச்சு முறிந்து, அவளைச் சுருளிப்பட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தேவதானப்பட்டியில் என்னைப் பார்த்து இவருக்கு முடித்தார்கள். அந்தக் கிணறு எப்போதோ வற்றி, மண் சரிந்து மூடிப்போயிற்று. சௌந்தரம் மட்டும் வற்றவில்லை. தீபாவளிக்குப் போன் வரும், பொங்கலுக்குப் போன் வரும், நடுவில் சும்மாவும் வரும். "மச்சான், சாப்டாச்சா?" என்பாள். இவருக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அடுப்படியில் நிற்கும் எனக்கு ஒரு சொல் விடாமல் வந்து விழும்.

போன மாதம் எங்கள் மகன், "இனிமே நீங்க கார் ஓட்ட வேணாம்ப்பா. கண்ணு சரியில்ல. வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்" என்றான். இவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சௌந்தரம் போன் பண்ணினாள். "பழைய இரும்புக்கா? எனக்குக் குடுத்துருங்க மச்சான், நான் வச்சுக்கிறேன்." அவ்வளவுதான், இவர் முகம் பூத்துவிட்டது. பெற்ற மகனிடம் ஒரு நாளும் சாவியைக் கொடுக்காதவர், ஒரு போனுக்கு வண்டியையே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். விலைகூடப் பேசவில்லை.

எனக்கு அது வெறும் கார் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது என்று எதுவும் கிடையாது. அவர் முன்னறையில் டிவி முன்னால். நான் மருமகளோடு அடுப்படியில். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சிக்கு நெய் கொண்டு போவோம். அன்றைக்குக் காரில் ஏறியதும் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். எந்தத் தோப்பு யார் கைக்குப் போனது, யார் மகன் எங்கே வேலைக்குப் போகிறான், வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலை, எல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து "ம்" போடுவேன். புருசனோடு எனக்குப் பேச்சு என்று இருந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான். அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் என்ன, இவர் ஒருவர் முன்னால்கூட எனக்குச் சட்டென்று பேச வராது.

கை மாறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு தடவை அம்மனிடம் காட்டிவிட்டுப் போவோம் என்றார். அதனால் மேற்கே போக வேண்டிய நாங்கள் முதலில் கிழக்கே பத்து கிலோமீட்டர் போனோம்.

தேவதானப்பட்டி போய்ச் சேரும்போது பனி இன்னும் விலகவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விவரம்: இந்தக் கோயிலில் சாத்திய கதவுக்குத்தான் பூசை. காணிக்கை நெய். குளிரில் கட்டியாக உறைந்திருந்த நெய்யைத் தூக்குவாளியோடு கொடுத்து, வெறும் வாளியை வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் கதவைப் பார்த்துக் கும்பிட்டபடி ரொம்ப நேரம் நின்றார். வண்டி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டியிருப்பார். நான் வேண்டியதை இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்து பின் கதவைத் திறந்தவர் கீழே பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏ பொன்னுத்தாயி, மறுபடியும் நெய்யச் சிந்திட்டியா? பாரு, மிதியடியெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கு. சௌந்தரம் பாத்தா என்ன நெனைக்கும்?"

ஆடி மாதத்திலிருந்தே இந்தப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். என் காலடியில் தூக்குவாளி வைப்பது வழக்கம். அங்கேதான் ஈரமும் இருக்கும். வாளி சாய்ந்திருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன். இதுவரை அவர் திட்டியதெல்லாம் காருக்காக. இன்றைக்குத் திட்டியது சௌந்தரத்துக்காக. பழைய துணியை எடுத்து, குனிந்து, நன்றாக அழுத்தித் துடைத்தேன். அவள் வீட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரி இருந்தது.

பெரியகுளம் வழியாகத் தேனிக்குப் போனோம். மாந்தோப்புகளில் அங்கங்கே பூ தள்ளியிருந்தது. அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் எல்லாப் பேச்சும் சுருளிப்பட்டியில் போய் நின்றது. இந்தத் தோப்பு மாதிரி சௌந்தரத்துக்கும் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு அவள் மகன் திராட்சைதான் பிரதானம் என்கிறான், இப்படி. நான் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். அஞ்சாவது வரை படித்தது எனக்கு இதற்குத்தான் உதவுகிறது. யார் பேச்சையும் கேட்கப் பிடிக்காதபோது பலகை படிக்கலாம்.

தேனிக்குள் நுழைகிற இடத்தில் முன்னால் போன ஐயப்ப சாமிமார் வேன் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார், மறுபடி மிதித்தார். வேனை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றது. வேனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாமி படம் என் கண்ணுக்குள் வந்துவிட்டது போல இருந்தது.

"பெடலு உள்ள போகுது" என்றார் மெதுவாக.

கம்பம் சாலையில் ஒரு பட்டறையில் ஓரம் கட்டினோம். மெக்கானிக்குக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பா அடியோடு காலி.

"எத்தன வருசத்து வண்டிங்கய்யா?"

"எம் மகளுக்குக் காது குத்துன வருசம் எடுத்தது."

"அப்ப மக மகளுக்கே காது குத்திருப்பீகளே!"

ஆயிலை ஊற்றி, நாலு சக்கரத்துக்குக் கீழேயும் பழைய செய்தித்தாளை விரித்து, இவரைப் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். தாளில் ஒரு சொட்டு இல்லை. சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். தூசிதான் வந்தது. "எறங்கி டீ சாப்புடுங்கம்மா" என்றார் என்னிடம். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளேயே இருந்தேன். ஆம்பளைகள் நிற்கிற பட்டறையில் இறங்கி எங்கே நிற்பது?

அப்போது போன் வந்தது.

"மச்சான், எங்கன வந்துட்டீக?"

"தேனிலதான் நிக்கிறேன். பிரேக் ஆயில் எறங்கிருச்சு."

"ஐயய்யோ! ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மச்சான்?"

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"அக்கா வருதா?"

"வருது, வருது. பின்னால இருக்கு."

பின்னால் இருக்கிறதாம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. பட்டறை முழுக்கக் கேட்டது. மெக்கானிக், "கொழுந்தியாளாங்கய்யா?" என்றார்.

"இல்ல, அத்த மக."

"அதான பாத்தேன்! வண்டி நின்ன கவல ஒங்க முகத்துல இல்லையேன்னு."

இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். எழுபது வயது தாண்டிய மனிதர், காதோரம் சிவக்கச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தச் சிரிப்பை எனக்காக நான் பார்த்ததில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, எதிர்க்கடைப் பலகையைப் படித்தேன். டயர், டியூப், காற்று.

ஆயில் பாட்டில் இருநூறு ரூபாய், கூலி நூறு. "ஒழுகல் எங்கயும் தெரியலய்யா. நாளாவட்டத்துல கொறஞ்சிருக்கும். பாத்துப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். வீரபாண்டி தாண்டியதும் காற்றே வேறு. எங்கள் பக்கம் வராக நதியில் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இங்கே பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், அதை ஒட்டி வாழை, அதை ஒட்டித் தென்னை, அதற்கும் மேலே நீலமாக மலை. பார்க்க வராதவர்களுக்கு அழகு என்று எழுதலாம். எனக்கு அழகாகத் தெரியவில்லை. அவளுக்கு இதெல்லாம் வாய்த்திருக்கிறதே என்றுதான் தெரிந்தது. தண்ணீர், வயல், மலை, போன் எடுத்தால் சிரிக்கிற மச்சான். இதற்கு மேல் ஒரு காரும் வேண்டுமா?

சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. இவர் மிதித்தார். பெடல் மறுபடியும் உள்ளே போய்விட்டது. ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டோர மண்ணில் இறக்கினார். ஒரு வரப்பில் முட்டி, இஞ்சின் அணைந்து நின்றது. டிராக்டர்க்காரர், "ஏ பெருசு, தூங்கிட்டியா?" என்று கத்திவிட்டுப் போனார். என் கால்விரல் ஈரமாக இருந்தது. குனிந்து பார்க்கிற நிலையில் நான் இல்லை.

கை பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து சின்னமனூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பட்டறை. இந்த மெக்கானிக் கட்டையான ஆள், பெரிய குரல். ஜாக்கி போட்டுப் பின்சக்கரங்களைக் கழற்றி, டிரம்மையும் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை. முன்சக்கரத்து ரப்பர் குழாயை மடக்கி, முறுக்கிப் பார்த்தார். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, இரும்புக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் வரை போனார்.

"பைப்பு காஞ்ச ஓல மாதிரி இருக்கு பெருசு. ஊத்துன ஆயில யாரு குடிச்சது?" என்று எழுந்து வந்தார். "வண்டிய விட்டுட்டுப் போங்க. நாளைக்கு ஒண்ணு விடாமக் கழட்டிப் பாத்துச் சொல்றேன்."

எனக்குள் குபுக்கென்று ஒரு சந்தோசம். கார் இன்றைக்குச் சுருளிப்பட்டி போகாது. நாளைக்கும் ஆகாமல் இருக்கலாம். மகனுக்குத் தெரிந்தால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

ஆனால் இவர் கேட்கவில்லை. "அதெல்லாம் முடியாது தம்பி. அங்கன ஆக்கி வச்சுக் காத்துக்கிட்டு இருக்காக. ரெண்டு பாட்டிலு வாங்கிக்கிறேன். கொறயக் கொறய ஊத்திக்கிட்டுப் போயிருவேன்."

"ஊத்திக்கிட்டே போக இது என்ன சர்பத்தா? ரோட்டப் பாருங்க. சாமிமாரு வண்டி வரிசையா வருது, போகுது. எதுலயாச்சும் கொண்டு போய்ச் சொருகிட்டீகன்னா?"

"பாத்துப் போயிருவேன். இன்னும் இருபது கிலோமீட்டருதான?"

முடிவு பண்ணிவிட்டார். குரலிலேயே தெரிந்தது. போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கொதித்தபோது, பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கேட்டேன். வைப்பர் சரியாக ஓடவில்லை, மழை விடட்டும் என்றார். மழை விடியும் வரை விடவில்லை. எனக்கு வைப்பர் இல்லாமல் வண்டி நகராது. அவளுக்குப் பிரேக் இல்லாமலே ஓடும்.

கோபத்தில் காலைத் தரையில் ஊன்றினேன். சளக் என்றது. குனிந்து விரலால் தொட்டேன். காலையில் நானே அழுத்தித் துடைத்த இடம். தூக்குவாளி சீட்டில் வெறுமனே கிடக்கிறது, நெய்யைக் கோயிலில் கொடுத்தாயிற்று. அப்படியே நெய்யாக இருந்தாலும் இந்தக் குளிருக்கு உறைந்தல்லவா போயிருக்கும்? இது தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

சொன்னால் கார் சரியாகும். சரியானால் நேரே அவள் வீட்டு வாசலில் போய் நிற்கும். சொல்லாவிட்டால் இவர் இப்படியே கிளம்புவார். ஒரு லாரி போதும்.

கதவைத் திறந்து இறங்கினேன். "எங் காலுக்கடியில ஈரமா இருக்கு" என்றேன். பக்கத்தில் லாரி போனதில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மெக்கானிக் திரும்பினார்.

"அது நெய்யி தம்பி" என்றார் இவர். "இவ மாசாமாசம் சிந்துறது."

"நெய்யக் கோயில்லயே குடுத்தாச்சு. வாளி வெறுசாக் கெடக்கு. வெள்ளனத் தொடச்சேன், இப்பத் திரும்ப ஊறியிருக்கு."

இவ்வளவும் சேர்ந்தாற்போல நான் பேசியது எனக்கே ஆச்சரியம். மெக்கானிக் வந்து மிதியடியைத் தூக்கினார். கீழே தரையில் பெயிண்ட் தீய்ந்த தோசை மாதிரி உரிந்து எழும்பியிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"ஆத்தா, இது பிரேக் ஆயிலு! பெயிண்டயே தின்னுருக்கு பாருங்க." முன்பக்கம் போய், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, டார்ச் அடித்தார். "பெருசு, கையால பெடல அமுக்குங்க. இன்னும் கொஞ்சம். அந்தா வருது, வருது!"

நானும் எட்டிப் பார்த்தேன். பெடல் கம்பி போய் நுழைகிற ரப்பரைச் சுற்றி, நூல் மாதிரி மெல்லிசாக வழிந்தது. முன்பக்கத் தகட்டோடு இறங்கி, மிதியடிக்கு அடியில் போய் மறைந்தது. வெளியில் சொட்டவே இல்லை. உள்ளே கசிந்து, வண்டி ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் பின்னால் ஓடி, என் காலடியில் வந்து நின்றிருக்கிறது. இரண்டு பட்டறையிலும் கார் முழுக்கத் தேடியவர்கள், நான் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் தேடவில்லை. நான்தான் இறங்கவே இல்லையே.

"எப்பருந்து ஆத்தா இப்படி ஈரமாகுது?"

"ஆடிலருந்து."

"ஆடிலருந்தா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நெய்யின்னு சொன்னாக."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாச் சொன்னாக! பெருசு, ஒங்க வண்டி அஞ்சு மாசமா நெய்யிலயே நின்னுருக்குய்யா!" இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாற்றவேண்டிய ரப்பர்கள் அங்கே கிடைக்கவில்லை. தேனிக் கடைக்குப் போன் போட்டார். அங்கே ஒரு வசதி உண்டு: கடைக்காரர் பொட்டலத்தைக் கம்பம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், நாம் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்ளலாம். பஸ் நம்பரைப் போனில் சொல்லிவிடுவார்கள். பொட்டலம் வந்து சேருகிற வரை பட்டறை வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் பேச்சு ஓடியது. அதாவது அவர் பேசினார். சௌந்தரம் சின்னப்பிள்ளையில் மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது, இவர் போய் இறக்கிவிட்டது. ஒழுகலைக் கண்டுபிடித்தது நான். ஒரு வார்த்தை அதைப் பற்றி வரவில்லை. மரத்தில் ஏறி அழுதவளைப் பற்றி அரை மணி நேரம். நானும் அப்போது ஏதாவது மரத்தில் ஏறியிருக்க வேண்டும் போல.

ரப்பர் சாமான் முந்நூற்று எண்பது, ஆயில் இருநூறு, கூலி ஐந்நூறு. ஆயில் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்தால் கல் மாதிரி நின்றது.

உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கம்பத்தில் பாதிப் பலகைகள் மலையாளத்தில் இருந்தன. என்னால் படிக்க முடியவில்லை. திராட்சைப் பெட்டிகள் அடுக்கிய கடைகள், எஸ்டேட்டுக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகள், கறுப்பு வேட்டி கட்டிய சாமிமார் கூட்டம். எல்லாவற்றுக்கும் நடுவில் இவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, புது மாப்பிள்ளை போல ஓட்டினார். சுருளிப்பட்டி ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தலுக்குக் கீழே ஊர் ஊராக வந்தவர்கள் கொத்தைக் கன்னத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சௌந்தரம் வாசலுக்கே வந்துவிட்டாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தலைக்குச் சாயம், கழுத்து நிறையச் சங்கிலி, கையில் போன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "வாங்க மச்சான்! மெலிஞ்சு போய்ட்டீகளே! அக்கா, இவுகளுக்குச் சோறு போடுறீகளா இல்லையா?" என்றாள். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சாப்பாடு நன்றாக இருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பில் என் கைக்கு வராத ஒரு மணம். அதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பிட்டதும் அவள் மகன் பாண்டி எங்களைத் தோட்டத்து வாசலுக்குக் கூட்டிப் போனான். தோட்டத்துக்குள் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டியிருக்கிறான். வாசலை ஒட்டி, புதிதாகச் சிமெண்டுத் திண்டு ஒன்று, அதன் மேல் நாலு மூலையில் நாலு கட்டை.

"இங்கனதான் பெரியப்பா ஒங்க வண்டி உக்காரப் போகுது. சக்கரத்தக் கழட்டிட்டு இந்தக் கட்ட மேல ஏத்திருவோம். சுத்தி லைட்டு. வாறவுக பூராம் இதுல ஏறி உக்காந்து போட்டோ எடுப்பாக. பழைய வண்டின்னா இப்ப அம்புட்டு மவுசு."

இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது. "நான் பிரேக்கெல்லாம் சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

சௌந்தரம் சிரித்தாள். "நிக்கிற வண்டிக்குப் பிரேக்கு எதுக்கு மச்சான்? வீணா அலஞ்சிருக்கீகளே!"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் எப்போதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசுவாள். ஆனால் இவர் முகம் சுருங்கிவிட்டது. அவள் ஏறி ஊர் சுற்றுவாள், சுருளி அருவிக்குப் போவாள், மச்சான் கொடுத்த வண்டி என்று சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே இவ்வளவு தூரமும் ஓட்டி வந்திருக்கிறார். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

பார்த்தால் பாவமாக இருந்திருக்கும். எனக்குப் பாவமாக இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இந்த முகம் ஒரு நாளும் இப்படி வாடியதில்லை. அவள் சிரித்துச் சொன்ன ஒரு சொல்லுக்கு இப்படி வாடுகிறது. அந்த வாட்டத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையில்தான் வாய் திறந்தேன்.

"சாவியக் குடுக்காதீக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வண்டி எனக்கு வேணும்" என்றேன்.

"ஒங்களுக்கா?" என்றாள் சௌந்தரம். "நீங்களா அக்கா ஓட்டப் போறீக?"

"ஓட்ட மாட்டேன். ஏறி உக்காந்து போவேன்."

பாண்டி, "சிமெண்டெல்லாம் போட்டாச்சே பெரியம்மா" என்று இழுத்தான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் நகரவில்லை. அப்புறம் சௌந்தரம்தான், "விடுறா. அதுல பூந்தொட்டி வச்சுக்குவோம்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரிக்காமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது இரண்டு பெட்டி பன்னீர்த் திராட்சை ஏற்றினாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் பேசுவது?

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அதே வாய்க்கால், அதே வயல். காலையில் பார்த்ததைவிடப் பச்சையாகத்தான் இருந்தன. எங்கள் ஊரில் இந்நேரம் புளியமரத்துத் தூசிதான் பறக்கும். இந்தப் பச்சை அவளுக்கு எழுதியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் என்ன செய்ய முடியும்? உத்தமபாளையத்தில் ஒரு வேன் குறுக்கே வந்தது. இவர் மிதித்தார், மிதித்த இடத்தில் நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். தேவதானப்பட்டி வரை போய்வர அவர் கண் போதும், அதை நான் மகனிடம் சொல்லிக்கொள்வேன்.

சின்னமனூர் தாண்டியதும் வாய் திறந்தார்.

"சௌந்தரத்துக்கு வருத்தமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

பின்னால் சாமிமார் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. "என்ன சொன்ன?" என்று தலையைப் பாதி திருப்பினார்.

முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுப்பக்கம் குனிந்து, பட்டறையில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

"இருக்கட்டும்னு சொன்னேன்."